கடுக்காய் மையும் கோபே நகரத்து மையும்

எங்கள் டீமில் ஒரு பெங்காலிப் பையன் இருக்கிறான். வீடு கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம். மதியம் சாப்பிட்டு வந்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் நோட்டுப் புத்தகத்தில் இங்க் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பான். டிராயரைத் திறந்தால் லேப்டாப் சார்ஜருக்கு இடமில்லை, அத்தனையும் மை புட்டி. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 34 இருந்தது. அத்தனை இருந்தும் மூன்று மாதமாக முகம் வாடித் திரிந்தான். காரணம் கேட்டால், ஜப்பானில் கோபே நகரத்தில் ஒரு கடை விற்கிற மை, அதில் ஒரு குறிப்பிட்ட பச்சை, எங்கேயும் ஸ்டாக் இல்லையாம். பெங்களூருவில் அதற்குக் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறதாம்.

கேஸ் சிலிண்டருக்கும் லேண்ட்லைன் போனுக்கும் காத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். மைக்குக் காத்திருப்பவனைப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு புட்டி மை வேணும்ல. ரெண்டு மாசமா உங்கிட்ட கேக்கணும்னு இருக்கேன்" என்றார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா தமிழாசிரியர். அம்மா போனபிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இங்கே ஒன்பதாவது மாடி. பால்கனியில் நின்றால் மேம்பாலமும், இப்போது மஞ்சள் லைன் மெட்ரோவும் தெரியும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டில் ஓடு விலகி, ஒரு ஐப்பசி மழை முழுக்கத் தகரப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பெட்டியில் இரண்டு சாமான்கள். ஒன்று தாத்தாவின் கணக்கு நோட்டு. அவர் கிராமத்துக் கர்ணமாக இருந்தவர். இன்னொன்று, அப்பா தருமபுரிப் பக்கம் வேலை பார்த்த 5 வருடம் அம்மாவுக்கு எழுதின கடிதங்கள்.

நோட்டு உப்பியிருந்தது, அட்டை பிய்ந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கறுப்பாக அப்படியே நின்றது. கடிதங்களில் ஒன்றுமே இல்லை. இன்லேண்ட் தாளில் அங்கங்கே மேகம் மாதிரி ஒரு நீலம், அவ்வளவுதான். தாத்தா எழுதியது 1943-ல். அப்பா எழுதியது 1980-க்குப் பக்கத்தில். பழையது நிற்கிறது, புதியது கரைந்துவிட்டது. என்ன மாயம் இது என்று தேடப்போய்த்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாகிவிட்டது.

தாத்தா காலத்துக் கதையிலிருந்து வருகிறேன். நம் ஊரில் ஓலையில் எழுதியவர்களுக்கு மை பெரிய பிரச்சினை இல்லை. எழுத்தாணியால் கீறி, பிறகு கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு நிற்கும். காகிதம் வந்தபிறகுதான் மை என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வழி. விளக்குக் கரியைப் பிசினில் குழைப்பது ஒன்று. கடுக்காயை இடித்துக் கொதிக்க வைத்து, அதில் அன்னபேதியைப் போடுவது இன்னொன்று. கடுக்காயில் இருப்பது துவர்ப்புச் சத்து, டானின். அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள ஒரு பச்சை உப்பு, ஃபெரஸ் சல்ஃபேட். இரண்டும் சேரும்போது தாளில் வெளிறின நிறமாகத்தான் விழும். காற்றுப் படப்பட இரும்பு மாறி, தாளின் நாருக்குள்ளேயே கறுத்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. வெள்ளைக்காரர்கள் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி கட்டுகிற காயைப் போட்டார்கள். ஐரோப்பாவின் பழைய பத்திரங்கள், பாக் எழுதின இசைத் தாள்கள் எல்லாம் இந்த ஜாதி மைதான். அதில் ஒரு கோளாறும் உண்டு. அமிலம் கூடினால் தாளையே அரித்துவிடும். பாக்கின் கையெழுத்துப் பிரதிகளில் அப்படி அரித்த இடங்களைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். தாத்தாவின் நோட்டிலும் கூட்டல் கோடு அழுத்திப் போட்ட இடங்களில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது. அன்னபேதியை அள்ளிப் போட்டிருப்பார் போலிருக்கிறது. கையும் கொஞ்சம் தாராளம் அவருக்கு.

தாத்தா ஏன் தானே மை காய்ச்சினார்? சிக்கனம் ஒரு காரணம். யுத்தம் இன்னொரு காரணம். 1940-லேயே பிரிட்டிஷ் சர்க்கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. கப்பலில் இடம் யுத்தச் சாமானுக்குத்தான். சீமை மை, சீமை நிப்பு எல்லாம் டவுன் கடையிலேயே கிடைக்காதபோது எங்கள் ஊருக்கு எங்கே வரும்? நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கிடைத்தது, அவர் காய்ச்சினார்.

அதற்குள் நம் ஆட்களும் மை செய்ய ஆரம்பித்திருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் முழுசாகத் தெரியும். பம்பாயில் தாண்டேகர் சகோதரர்கள் 1931-ல் மைத் தூளும் மை வில்லையும் செய்து விற்கத் தொடங்கினார்கள். குதிரை மார்க். தண்ணீரில் கரைத்தால் மை. பிறகு ஊற்றுப் பேனாவுக்கென்று அவர்கள் கொண்டுவந்ததுதான் ஒட்டக மார்க் கேமல் இங்க். கேம்லின் என்றால் ஜியாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வரும் உங்களுக்கு, அதே ஆட்கள்தான்.

அடுத்த ஞாயிறு பெங்காலிப் பையனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அப்பாவின் மைப் பிரச்சினையை அவனிடம் விடலாம் என்று ஒரு சுயநலம். இந்தப் பேச்சு வந்ததும் அவனுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "கேமல் இருக்கட்டும் அங்கிள், எங்க சுலேகா தெரியுமா?" என்று ஆரம்பித்தான். ஜாதவ்பூரில் ஒரு நாற்சந்திக்கே சுலேகா மோர் என்று பெயராம், பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூவுவாராம். ஒரு மைக் கம்பெனியின் பெயரில் பஸ் ஸ்டாப்!

பிறகு நானும் படித்துப் பார்த்தேன், கதை அவன் சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறது. காந்திக்கு ஒரு மனக்குறை. அந்நியத் துணியை எரிக்கச் சொல்லி எழுதுகிற கடிதத்தையே அந்நிய மையால் எழுத வேண்டியிருக்கிறதே என்று. வங்காளத்தில் சதீஷ் சந்திர தாஸ்குப்தா என்று ஒரு ரசாயன நிபுணர். பெங்கால் கெமிக்கல்ஸில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் கதருக்கு வந்தவர். அவர் உள்ளூரிலேயே ஒரு மை செய்து கொடுத்தார். அந்த வேலை ராஜ்ஷாஹியைச் சேர்ந்த மைத்ரா சகோதரர்கள், நனிகோபால், சங்கராச்சார்யா இருவர் கைக்கு வந்தது. 1934-ல் ஆரம்பம். வீட்டுப் பெண்கள் மை காய்ச்ச, ஆண்கள் கொண்டுபோய் விற்றார்கள் என்று சொல்வார்கள். ராஜ்ஷாஹி இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. கம்பெனி கல்கத்தாவுக்கு வந்து, ஜாதவ்பூரில் ஆலை வைத்து, ஒரு தலைமுறை வங்காளிகளின் விரலையெல்லாம் நீலமாக்கியது. சத்யஜித் ராய் தன் ஃபெலுதா கதைகளில்கூட இந்த மையைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று பையன் பெருமையாகச் சொன்னான்.

மைக்கு வங்காளம் என்றால் பேனாவுக்கு ராஜமுந்திரி. அங்கே கே.வி. ரத்னம் என்ற பொற்கொல்லர் சுதேசிப் பேனா செய்தார். அதை 1935-ல் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜே.சி. குமரப்பா, நம் தஞ்சாவூர்க்காரர். காந்தி அதற்கு நன்றி சொல்லி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். அப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. "குமரப்பாவ பத்தி எட்டாங்கிளாஸ் பயலுவளுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன், உனக்குச் சொல்லலியா?" என்றார். சொல்லியிருப்பார். நான் கவனித்திருக்க மாட்டேன்.

சரி, அப்பா காலத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டு மை எளிதில் உள்ளே வரவில்லை. லைசென்ஸ் இருந்தால்தான் இறக்குமதி. பார்க்கர் கம்பெனியின் குயிங்க் மையையே செல்பார்க் இங்கே தயாரித்து விற்றது. சென்னையில் தயாரான பிரில் இருந்தது. மையும் மலிவு, பேனாவும் மலிவு. பள்ளிக்கூடத்து வாசலில் பெட்டிக்கடையில் பைசா கொடுத்தால் பில்லரால் பேனாவுக்கு மை ஊற்றித் தருவார்கள். பெஞ்சில் ஒருவன் பேனாவிலிருந்து இன்னொருவன் பேனாவுக்கு இரண்டு சொட்டு கடன் வாங்குவதும் உண்டு. உங்களில் பாதிப் பேருக்கு இப்போது விரல் நுனி அரிக்கும் :-)

இந்த மைகளில் நாம் அதிகம் வாங்கியது ராயல் புளூ. லேபிளில் வாஷபிள் என்று போட்டிருக்கும். அதுதான் விஷயமே. இரும்பு மை பேனாவின் உள்ளே படிந்து அடைக்கும், ஸ்டீல் நிப்பை அரிக்கும். அதனால் ஊற்றுப் பேனாவுக்கென்று பெரும்பாலும் சாய மைகளே பழக்கத்துக்கு வந்தன. வாஷபிள் நீலம் சாயமேதான், தாளோடு ஒட்டி உறவாடாது. வெயிலில் வெளுக்கும், தண்ணீர் பட்டால் கரையும். சட்டையில் சிந்தினால் துவைத்தால் போய்விடும் என்பதற்காகவே அம்மாக்கள் அதை வாங்கினார்கள். ஆவணம் எழுதுகிறவர்களுக்கு புளூ பிளாக். அதில் பழைய வகைகளில் கொஞ்சம் இரும்பு இருக்கும். இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கு நெடுங்காலம் இரும்பு மைதான் பயன்பட்டது. அப்பாவுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் தாத்தா காய்ச்சின கடுக்காய் மையைப் புதுப் பேனாவில் ஊற்றி, பேனா அடைத்து, முதுகில் வாங்கியவர் அவர்.

"அப்ப ஏம்ப்பா கடிதத்த வாஷபிள்ல எழுதினீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேட்டியில கறை ஆக்கிட்டு வருவேன். துவைச்சா போகாது. உங்கம்மாதான் இனிமே இந்தக் கறுப்பு வாங்காதீங்கன்னா. அவ சொன்னான்னு மாத்தினேன்" என்றார்.

பெங்காலிப் பையனுக்கு இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அப்பா இப்போது அந்தக் கடிதங்களில் நினைவிருப்பதை எழுதி வைக்கப் போகிறார். அதற்குத்தான் மை. டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், பால் பேனா வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். கரையாத மை வேண்டும், அவ்வளவுதான்.

கடைகடையாக அலைந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஜெல் பேனா 50 தினுசு கிடைக்கிறது, மை புட்டி கேட்டால் பிரிண்டருக்கா என்கிறார்கள். 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் இந்தப் பேட்டையை ஆரம்பித்தபோதே காகிதத்துக்கு இங்கே வேலையில்லை என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு பெரிய ஸ்டேஷனரி கடையில் புளூ பிளாக் என்று கொடுத்தார்கள். வீட்டில் எழுதித் தண்ணீரில் காட்டினால் ஓடியே போய்விட்டது. அப்பா கடுப்பாகி, "அழியாத மை இந்தா இருக்க மைசூர்லதான செய்யுதான்? அதை வாங்கிட்டு வால" என்றார்.

அவர் சொன்னது ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற மை. 1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆரம்பித்த ஆலை அது, இப்போது மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற மாநில அரசு நிறுவனம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து நம் விரலில் வருவது அங்கே செய்ததுதான். வெள்ளி நைட்ரேட் கலந்தது. தேர்தல் நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், கடையில் விற்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மை இப்படி அரிதானதற்குக் காரணம் பால் பாயிண்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கம் 1980-களில் ரெனால்ட்ஸ் வந்து முடித்துவைத்தது. சுலேகா ஆலை 1988-ல் மூடப்பட்டது. 2006-ல் மறுபடி திறந்தார்கள். 2020 ஊரடங்கு சமயத்தில் ஸ்வாதீன், ஸ்வராஜ் என்றெல்லாம் பெயர் வைத்து, கதர்ப் பையில் போட்டு, ஊற்றுப் பேனா மையை மறுபடி கொண்டுவந்தார்கள். சேகரிப்பவர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். எங்கள் பையனுக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆலை, ஆனால் அவன் இருந்தது பெங்களூருவில் மாட்டிக்கொண்டு. கேம்லின் கதை வேறு. 2011-ல் ஜப்பானின் கொகுயோ நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கிவிட்டது.

இப்போது மையில் ஜப்பான்காரர்கள் பண்ணுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1995 ஜனவரி பூகம்பத்தில் கோபே நகரம் இடிந்து விழுந்தது. ஊர் நிமிர்ந்தபிறகு, அங்கே நாகசாவா என்ற பழைய ஸ்டேஷனரி கடையில் வேலை பார்த்த ஒருவர், ஊரின் மலை, கடல், தெரு ஒவ்வொன்றின் நிறத்திலும் ஒரு மை கொண்டுவர நினைத்தார். 2007-ல் வந்த முதல் நிறம் ரொக்கோ மலையின் பச்சை. செய்து கொடுப்பது செய்லர் கம்பெனி. இதே செய்லர் ஒரு மை நிபுணரைக் கடைகடையாக அனுப்பி, வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தை அவர் கண்ணெதிரே கையால் கலந்து கொடுக்கவும் வைத்தது. இதைப் பார்த்து ஊருக்கு ஊர், கடைக்குக் கடை தனி மை வந்துவிட்டது. அந்த ஊருக்குப் போனால்தான் அது கிடைக்கும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் விழுந்து கிடக்கிற இடத்துக்கு அவர்களே வைத்த பெயர், மைச் சேறு.

தாத்தா காலத்துத் தட்டுப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் பையனிடம் சொன்னேன். அங்கே மை இல்லாமல் கணக்கு நின்றுவிடும். இங்கே 34 புட்டி இருக்கும்போது 35-ஆவது இல்லை. அதுவும் கொஞ்சமாகச் செய்வதால் வருகிற தட்டுப்பாடு, கொஞ்சமாகச் செய்வதால்தான் ஆசையும் வருகிறது. நம் பக்கமும் இது இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் பட்டாம்பியில் ஒரு மருத்துவர் கிருஷ்ணா என்ற பெயரில் கையால் மை செய்கிறார். திருவள்ளூரில் ரங்கா பேனாவை எபனைட் கட்டையிலிருந்து கையால் கடைகிறார்கள். உலகம் முழுக்கக் கேட்டு வாங்குகிறார்கள்.

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் தன் டிராயரிலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தான். ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி 2017-ல் கொண்டுவந்த கிளாசிக் வரிசை. எழுதும்போது ஒரு நிறம், காயக் காயக் கறுக்கும், தண்ணீர் பட்டாலும் நிற்கும் என்றான். உள்ளே என்ன என்று படித்துப் பார்த்தால் இரும்பு! தாத்தாவின் சட்டியில் இருந்த அதே சமாசாரம், பேனாவை அடைக்காத அளவுக்குப் பதப்படுத்தியது.

அப்பா புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். நாலு வரி எழுதினார், மறுநாள் காலை அது கறுத்திருந்ததைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு புட்டி 200 கடிதத்துக்குக் காணாது, தீர்ந்தால் அந்தப் பிள்ளை எங்கே போவான் என்றார்.

பிறகு என்னை அவென்யூ ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாட்டு மருந்துக் கடைக்கு இங்கே கிரந்திகே அங்கடி என்று பெயர். கடுக்காய்க்குக் கன்னடத்தில் அளலெக்காயி. அது தெரியாமல் கையால் உருட்டிக் காட்டிக்கொண்டு நின்றோம். அன்னபேதி என்றதும் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது, அதற்கு இங்கேயும் அதே பேர்தான். கால் கிலோ கடுக்காய், கொஞ்சம் அன்னபேதி, கருவேலம் பிசின், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு. வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் பழைய இரும்புச் சட்டி. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சமையலறைக் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். வாசனை லிஃப்ட் வரைக்கும் போனது. அன்னபேதியை அப்பா தராசில் நிறுத்துத்தான் போட்டார். "எங்கப்பா மாரி அள்ளிப் போட்டா ஓட்ட விழும்" என்றார்.

இந்த மையை ஊற்றுப் பேனாவில் ஊற்றக் கூடாது, முதுகு ஞாபகம் இருக்கிறது அவருக்கு. தொட்டு எழுத நிப்பு வேண்டும். பையன் கொடுத்தான், ஜப்பானில் காமிக்ஸ் வரைகிறவர்கள் பயன்படுத்துகிற ஜி நிப்பு. அதற்கு ஒரு மரக் கைப்பிடி. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பால்கனிப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து முதல் கடிதத்தை ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தபோது வரிகள் வெளிறித் தெரிந்தன. பக்கத்தில் தேதி போட்டிருந்தார், 1979 என்று. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பார்த்தேன், கறுத்திருந்தது. படிக்கவில்லை. அவருக்கும் அம்மாவுக்கும் உள்ளது அது.

மிச்ச மையில் ஒரு புட்டி பெங்காலிப் பையன் எடுத்துக்கொண்டு போனான். லேபிள் ஒட்டப் பேர் கேட்கிறான். அப்பா பேர் எதுவும் சொல்லவில்லை, காலிப் புட்டியைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்.